தானியத்துக்குச் சொன்ன கதை

ஊர்களில் அவரைக் கதைக்காரம்மா என்பார்கள். எங்களுக்கு அக்கா. நாற்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, கரகரத்த குரல். பாடத் தெரியாது, தாளம் கிடையாது. கோயில் முன்னாலோ சந்தைக்கடை ஓரத்திலோ வெறுமனே நின்றுகொண்டு, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார். அப்படிச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்.

இல்லம் போத்தனூர் ரோட்டில் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் இருந்தது. வாந்திபேதியிலும் பிளேக்கிலும் அப்பன் ஆத்தாளைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காகக் கோயமுத்தூர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது. கிடங்கைக் கொடுத்தார்கள், துணிமணி கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு ஊர் ஊராகப் போய்த் தானியம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் அங்கே சமையல். கட்டினவர் போய், பிறந்த வீட்டிலும் இடமில்லாமல் வந்து சேர்ந்தவள். அக்கா கதை சொல்லப் போகும்போதெல்லாம் மாட்டுவண்டியில் கூடப் போவேன். அவர் சொல்லி முடித்ததும் முறத்தை நீட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போவது என் வேலை. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, எது விழுந்தாலும் சாக்குக்குப் போகும்.

அவர் சொன்னது எல்லாம் எங்கள் பிள்ளைகளின் கதைதான். ஒரு நடைக்கு ஒரு பிள்ளையின் கதை. பெயர் சொல்ல மாட்டார், ஊர் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கதையைத் தயார் பண்ண அவர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளையோடு உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பார். அவசரமே கிடையாது. அப்புறம் கிணற்று மேட்டில் நடந்தபடி தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். அடுப்படியிலிருந்து எனக்கு எல்லாம் காதில் விழும். நேற்று இருந்த சொல் இன்று இருக்காது. ‘பாவம்’ என்ற சொல்லை எந்தக் கதையிலும் விட்டுவைக்க மாட்டார்.

“நாமளே பாவம்னு சொல்லிப்போட்டா, கேக்கறவங்க சொல்லறதுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும் அம்மணி” என்றார் ஒரு தடவை.

கடைசியில், கதைக்குச் சொந்தக்காரப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, சந்தையில் சொல்லப்போவது அத்தனையையும் அதனிடமே சொல்வார். “இதுல உனக்குப் புடிக்காததச் சொல்லு கண்ணு, எடுத்துப்போடறேன்.” அப்பன் கள்ளுக் குடித்ததைச் சொல்ல வேண்டாம் என்று ஒரு பையன் கேட்டான். எடுத்துவிட்டார். கதையே அதில்தான் நின்றது என்று எனக்குத் தோன்றியது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை.

எடுப்பதற்குத்தான் அந்தத் தாராளம். சேர்ப்பதற்கு இல்லை. இன்னொரு பொடியன், தங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னான்.

“ஆடு இருந்துச்சா?”

“இல்லீங்கக்கா. இருந்தா நல்லா இருக்கும்.”

“நல்லாத்தான் இருக்கும். வேண்டாம் கண்ணு.”

கூட்டத்தின் நடுவிலும் அதே பிடிவாதம்தான். சூலூரில் ஒரு பெரியவர் எழுந்து, “அந்தப் பையனோட ஆத்தா சாகறப்ப என்னம்மா சொன்னா?” என்று கேட்டார். கூட்டம் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தது. அக்கா, “தெரியாதுங்க. பையன் அப்பத் தூங்கிப்போட்டான்” என்றார். திரும்பி வரும்போது வண்டியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“எதச் சொல்ல? நாளைக்கு அவன் பெரியவனாகி, எங்கம்மா என்ன சொன்னாங்கன்னு என்னையத்தான் வந்து கேப்பான். அப்ப நான் கட்டிச் சொன்னதையா அவனுக்குக் குடுக்கறது?”

அவருடைய சொந்தக் கதை மட்டும் யாருக்கும் தெரியாது. ஈரோட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாக இருந்தவர் என்று பேச்சு. ஒருநாள் கேட்டேவிட்டேன். “அது தானியம் வாங்கற கதை இல்ல அம்மணி” என்று சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. அதற்கு முந்தைய வருஷமும் பாதி மழைதான். பருத்தியை வாங்க ஆளில்லை, தறிக்காரர்களுக்கு நூல் இல்லை. நாங்கள் போய் நின்ற ஊர்களில் கேட்பவர்களே பட்டினியில் இருந்தார்கள். அக்கா சொல்லி முடித்ததும் முறத்தோடு போனால், ஜனங்கள் என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கூட்டுலயே ரெண்டு நாளா அடுப்பெரியலீங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். காலிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வண்டியில் திரும்பினோம்.

கூழ் தண்ணீராகிக்கொண்டே வந்தது. பிள்ளைகளுக்குச் சொறி பிடித்தது, வாயோரம் வெடித்தது. சின்னது ஒன்று நடப்பதை விட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தது. இல்லத்துக் காரியதரிசி நல்ல மனுஷர்தான். தன் வீட்டு நெல்லைக்கூட மூட்டை கட்டிக்கொண்டு வந்து போட்டவர். அவர் ஒருநாள் அக்காவிடம் சொன்னார்: “அம்மா, நீங்க சொல்லறதக் கேட்டா மனசு எளகுது. இந்தப் பஞ்சத்துல எளகி என்ன பண்ண? யாரு மேலயாச்சும் கோவம் வந்தாத்தான் மடியில இருக்கறத அவுப்பாங்க. அப்பிடி ஒரு கதை இருந்தாச் சொல்லுங்க.”

அக்கா எழுந்து பிள்ளைகளிடம் போய்விட்டார்.

பழனாத்தா என்று ஒரு பெண் இருந்தாள். வயதுக்கு வர ஒன்றிரண்டு வருஷம் இருக்கலாம். போத்தனூர் ஜங்ஷனில் செத்துக் கிடந்த தாய் பக்கத்திலிருந்து எடுத்துவரப்பட்டவள். வந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை, அக்காவும் கேட்டதில்லை. ஒரு காலையில் அவள் அடுப்படிக்கு வந்தாள். நான் கூழில் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். தவழ்கிற குழந்தை, கழுவி வைத்த சட்டிக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. பழனாத்தா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய், “என் கதையச் சொல்லுங்கக்கா” என்றாள்.

“வேண்டாம் கண்ணு.”

“சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க.”

அவள் சொன்னது இது. வால்பாறைத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பிய குடும்பம். கூட்டிப்போன கங்காணி ரயிலுக்குள் இருந்தான். பிளாட்பாரத்தில் ஆத்தாளுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. அப்பன் ஆத்தாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறினார். வண்டி போய்விட்டது.

அக்கா அதைப் பல நாள் கேட்டார். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்.

“அப்பன் ஏறினதக் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“திரும்பிப் பாத்தாரா?”

“பாத்தாரு.”

“எறங்கவே இல்லியா?”

“இல்லீங்கக்கா.”

மாடு குத்தி அப்பனின் இடது காதில் பாதி இல்லை என்றும் சொல்லியிருந்தாள். அக்கா அதை எடுத்துவிட்டார். தனியாக உட்கார வைத்துக் கதையைச் சொன்னபோது பழனாத்தா மறுத்துத் தலையை ஆட்டினாள். “காதையும் சொல்லுங்கக்கா. அதச் சொல்லாட்டி அது எங்கப்பன் இல்ல.” கதை அவளுடையது. அக்கா சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. சோமனூரில் தறிக்காரத் தெருவில் சொன்னபோது பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் தோளிலிருந்த துண்டை விரித்துக்கொண்டு தானே வீடு வீடாகப் போனார். “எந்த ஊரு அந்தக் காதறுந்தவன்? சொல்லுங்கம்மா, வெட்டிப்போடறோம்” என்று கத்தினார்கள். வெறும் பானையைச் சுரண்டியாவது ஒரு கை கொண்டுவந்து போட்டார்கள். கொடுக்காமல் போனால் தாங்களும் அந்த மனிதனைப் போல ஆகிவிடுவோமோ என்று பயந்தவர்கள்போல இருந்தது. அவிநாசி, பல்லடம், கருமத்தம்பட்டி, எங்கே போனாலும் அப்படித்தான். அந்தக் கோடை முழுக்க அந்த ஒரு கதையைத்தான் சொன்னோம். எனக்குக் களி கிண்ட மாவு இருந்தது. தவழ்ந்த குழந்தை எழுந்து நின்றது.

வண்டியில் திரும்பும்போது அக்கா மட்டும் பேச மாட்டார். ஒரு தடவை, “அந்தாளு எங்க இருப்பாரோ?” என்றார். நான், “எங்கிருந்தா என்னங்கக்கா” என்றேன்.

ஒரு மத்தியானம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். மலைக்காய்ச்சலில் வயிறு மட்டும் உப்பியிருந்தது. தலையோடு காதையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தார். பசி என்று நினைத்துக் கூழ் கொடுத்தேன். குடித்துவிட்டு, “ஏனுங்க, கதைக்காரம்மா இருக்காங்களா?” என்றார். அக்கா வந்ததும் துண்டை அவிழ்த்தார். இடது காதில் பாதி இல்லை.

கையிலிருந்த களி கிண்டும் துடுப்பை நான் ஓங்கிவிட்டேன். அவர் நகரவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்தார்.

“அந்தக் கதையில வர்ற ஆளு நான்தானுங்க” என்றார் அவர். “எம் புள்ள உசுரோட இருக்குதுன்னு உங்க கதையாலதானுங்க தெரிஞ்சுது.”

அக்கா அவரை உட்காரச் சொன்னார். பிள்ளைகளோடு உட்காருவதைப் போலவே எதிரில் உட்கார்ந்தார். அவர் தட்டித் தடுமாறிச் சொன்னார். பொண்டாட்டி விழுந்ததும் இறங்கிக்கொள்கிறோம் என்று கங்காணியிடம் கெஞ்சினாராம். அவன் விடவில்லையாம். மூட்டையை அவன் கையில் அடகாகக் கொடுத்தாலாவது, பின்னால் வந்துவிடுவோம் என்று நம்பி இங்கேயே இருக்க விடுவான் என்று எடுத்துக்கொண்டு ஏறினாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தோடு ஓடி வந்தபோது பிளாட்பாரத்தில் சுண்ணாம்பு தூவியிருந்தது. தாயும் பிள்ளையும் செத்துவிட்டார்கள், பிணங்களை வண்டியில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி மலைக்குப் போனார். காய்ச்சல் தாங்காமல் இறங்கி, சோமனூர்ப் பக்கம் தங்கச்சி வீட்டுக்கு வந்தார்.

“கதவத் தொறக்கலீங்க. ஊர்க் கெணத்துல தண்ணி சேந்த உடலீங்க. என்னன்னு கேட்டா, பொண்டாட்டி புள்ளையச் சாக உட்டுட்டு மூட்டையத் தூக்கிட்டு ஓடினவன்னாங்க. சின்னப் பசங்க கல்லெடுத்தாங்க. ஒரு பாட்டி மட்டும், உம் புள்ள கோயமுத்தூர்ல இருக்குதாமடான்னு காறித் துப்பிப்போட்டுச் சொன்னாங்க.”

அக்கா வெகுநேரம் கேள்வி கேட்டார். பிள்ளையிடம் கேட்ட அதே கேள்விகள்.

“ஏறறப்பத் திரும்பிப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க.”

“எதுக்குப் பாத்தீங்க?”

“இதா வந்தர்றேன்னு சொன்னனுங்க. சத்தத்துல கேட்டுதோ என்னமோ.”

அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “இவருகிட்டக் கேக்காமச் சொல்லிப்போட்டனே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பழனாத்தா தானிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா உள்ளே போய், அவள் அப்பன் சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். வெளியே அந்த ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழனாத்தா கதவைத் திறந்து வந்தாள். அப்பனைப் பார்த்தாள். அழவில்லை.

“அம்மா தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. பக்கத்துல கொழா இருந்துச்சு. ஒரு வாய் மொண்டு குடுத்துட்டாச்சும் போயிருக்கலாமில்ல?”

அந்த ஆள் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “ஆமா கண்ணு, கேட்டா. கேட்டா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தெரியாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் காரியதரிசியிடம், கதை சொன்ன ஊருக்கெல்லாம் திரும்பப் போய் இவர் சொன்னதையும் சொல்லப்போவதாகச் சொன்னார்.

காரியதரிசி கைகூப்பிவிட்டார். “அம்மா, வேண்டாம். அந்தக் கோவத்துலதான் தானியம் வருது. அதக் கெடுத்துப்போட்டா இத்தனை குழந்தைகளையும் நான் என்ன பண்ணுவேன்? அந்தாளுக்கு ஏதாச்சும் வழி பண்ணலாம். வேற ஊர்ல வேலைக்குச் சேத்துடலாம்.”

நானும் வேண்டாம் என்றேன். ஒரு ஆள் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்வார், பிள்ளைகள் எங்கே போகும் என்று கேட்டேன். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கும் அதே வெசனந்தான். ஆனா அவருக்குத் தண்ணி குடுக்க மாட்டீங்கறாங்களே, நான் சொன்னதுக்காக” என்றார்.

முதலில் சோமனூருக்குத்தான் போனோம். அதே தறிக்காரத் தெரு. கதைக்காரம்மா வந்திருக்கிறார் என்றதும் கூட்டம் தானாகச் சேர்ந்தது. அந்த ஆள் அக்காவுக்குப் பக்கத்தில், தலைத்துண்டு இல்லாமல் நின்றார். அக்கா முதலில் பிள்ளை சொன்னதைச் சொன்னார். பிறகு அப்பன் சொன்னதைச் சொன்னார். தண்ணீர் கேட்டதையும் சொன்னார், அதை மறைக்கவில்லை. “ரெண்டுல எது நெசம்னு எனக்குத் தெரியாதுங்க. ஒண்ண மட்டும் சொன்னது என் தப்புங்க. இவரு மேல கல்லெறியாதீங்க” என்று முடித்தார்.

கூட்டம் அந்த ஆளின் பாதிக் காதையே பார்த்தது. அப்புறம் ஒரு பெண், “அன்னைக்கு எங்கூட்டு வெதைச் சோளத்தக் கொண்டாந்து போட்டனே” என்றாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். “எங்க புள்ளைகளத் தூங்க வெச்சுப்போட்டு அதக் கொண்டாந்து போட்டனே. அப்ப எங்களையும் ஏமாத்தினீங்களா?” அதற்கப்புறம் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். வண்டிச் சக்கரத்தில் கல் விழுந்தது. ஒரு சாணி உருண்டை அக்காவின் தோளில் பட்டது. அவர் துடைக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவருடைய தங்கச்சி. எனக்கு முறத்தை நீட்டத் தைரியம் வரவில்லை.

மற்ற ஊர்களுக்கும் போனார். ஒரு ஊரையும் விடவில்லை. சில இடத்தில் கேட்டுக்கொண்டார்கள், சில இடத்தில் ஊருக்குள்ளேயே விடவில்லை. எங்கேயும் தானியம் விழவில்லை. கதைக்காரம்மா பொய் சொல்லுகிறவள் என்று எங்களுக்கு முன்பே பேச்சு போய்விட்டது. வேறு பிள்ளையின் கதையைச் சொன்னாலும், “இதுவும் நாளைக்கு மாறுமா?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஐப்பசி பிறக்குமுன் கிடங்கைப் பூட்டினார்கள். காரியதரிசி வாசலில் நின்று அழுதார். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை மில் வேலைக்கென்று கூட்டிப்போனார்கள். சிலரை மெட்ராஸ் பக்கம் ஒரு மடத்துக்கு அனுப்பினார்கள். பழனாத்தாளை அழைத்துப்போக அவள் அத்தை வந்தாள். அப்பன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்றாள். பழனாத்தா போகும்போது அக்காவின் காலைத் தொட்டாள். அக்கா அவளைத் தூக்கி நிறுத்தினார். அந்த ஆள் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். தங்கச்சி வீட்டில், அவள் கையால் கஞ்சி குடித்துத்தான் போனார்.

யாரும் கேட்டு வராதவை இரண்டு. சட்டியை நக்கிய குழந்தை ஒன்று, அதற்கு மூத்தது இன்னொன்று. அவற்றை அக்கா வைத்துக்கொண்டார். போத்தனூரில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ஓலைக் குடிசை. நான் ஒரு செட்டியார் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம் கொஞ்சம் அரிசியை மடியில் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனேன். குடிசையில் ஆளில்லை. தேடிப்போனபோது, இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீட்டு வாசலில் மூவரும் நின்றிருந்தார்கள். சின்னது இடுப்பில், பெரியது முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

வீட்டுக்காரம்மா உள்ளிருந்து வந்தாள். நல்ல முகம்தான். “யாருங்க இந்தப் புள்ளைங்க? அப்பன் ஆத்தா இல்லீங்களா? எப்பிடி இந்தக் கதிக்கு வந்துச்சுங்க?” என்று கேட்டுவிட்டு, நிலையில் சாய்ந்து, காதைக் கொடுத்து நின்றாள்.

எத்தனையோ ஊரை நிறுத்தி வைத்து அழ வைத்த மனுஷி. அந்த இரண்டு பிள்ளைகளின் கதையும் அவருக்கு முழுசாகத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த அம்மா மரக்கால் நிறையக் கொண்டுவந்து போட்டிருப்பாள்.

“பசியா இருக்குதுங்க” என்றார் அக்கா.

வீட்டுக்காரம்மா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அக்கா அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, இடுப்பிலிருந்த சின்னதைக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார்.